தலைக்காயமும் அரசின் ஆலோசனைக் குழுக்களும்

(அங்கத்தினர் கல்விப் பாடம்)



கடன் தவணை தவறியோரின் பட்டியலை நிர்வாகக் குழுவின் முன் வைக்கும்பொழுது ஒவ்வொரு பெயருக்கும் எதிரே காரணம் ஒன்று எழுதுதல் வழக்கம். மழை பொய்த்தது, மிளகாய் விலை வீழ்ந்தது, நூல் விலை ஏறியது, குடும்பத்தில் நோய் என்று அக்காரணங்கள் அமையும். காரணம் ஒன்றும் புலப்படாதவிடத்து, “செலுத்த மனமில்லாதவர்” என்ற குறிப்பு விழுந்துவிடுகிறது. அக்குறிப்பு சிற்சில சமயங்களில் பெரும் அநீதியாக முடிதல் கூடும்.

எடுத்துக்காட்டாக ஓர் அங்கத்தினரை எண்ணிப் பார்ப்போம். பத்து ஆண்டுகள் நாணயமாகத் தவணை செலுத்தியவர் அவர். ஒருநாள் இருசக்கர வண்டியிலிருந்து வீழ்ந்தார், தலையில் அடி, இருபது நாள் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பினார். வெளிக்காயம் ஆறிற்று. நடக்கிறார், உண்கிறார், பேசுகிறார். ஆயினும் தவணை நாளை மறந்துவிடுகிறார். நினைவூட்டச் சென்ற சங்கச் செயலாளரைச் சினந்து பேசுகிறார். பாதியில் விட்ட வேலையை மீண்டும் தொடுவதில்லை. “ஆள் மாறிவிட்டார்” என்கின்றனர் ஊரார். மருத்துவரோ, இது மூளைக் காயத்தின் பின்விளைவு என்பார்.

இத்தகையோரைப் பேணுவதற்கும், இத்தகைய காயம் நேராமல் தடுப்பதற்கும் அரசாங்கத்துக்கு யோசனை கூறும் குழுக்கள் யாவை, அவை எவ்வாறு அமைந்துள்ளன, அவற்றுள் எட்டாமல் விடுபட்டவை எவை, சிற்றூர்ச் சங்கம் ஒன்றின் குரல் அவற்றை எவ்வாறு சென்றடையும் என்பனவே இப்பாடத்தின் பொருளாகும்.

1. மூளைக் காயம் என்பது யாது?

மூளை மென்மையான உறுப்பு. மண்டையோடு என்னும் கடினமான பெட்டிக்குள், நீர்மம் சூழ அது வைக்கப்பட்டிருக்கிறது. வேகமாகச் செல்லும் தலை திடீரென்று தரையில் மோதி நின்றால், உள்ளிருக்கும் மூளை ஓட்டின் மீது மோதுகிறது. சில வேளைகளில் எதிர்ப்புறத்திலும் சென்று மோதுகிறது. நரம்பிழைகள் அறுபடலாம், இரத்தக் குழாய் வெடித்து இரத்தம் கட்டலாம், மூளை வீங்கலாம். எலும்புப் பெட்டி விரிந்து கொடுக்காது. ஆதலின் உள்ளே பெருகும் இரத்தமும் வீக்கமும் மூளையையே நெருக்குகின்றன.

அங்கத்தினர்கள் இங்கு முக்கியமாக அறியவேண்டுவது ஒன்றுண்டு. அடிபட்டவர் முதலில் நன்றாகப் பேசிக்கொண்டிருந்து, சில மணி நேரம் கழித்து மயங்கி விழுதல் உண்டு. எலும்புக்கும் மூளையின் மேலுறைக்கும் இடையே இரத்தம் மெல்ல மெல்லச் சேர்வதால் இவ்வாறு நேர்கிறது. “எழுந்து உட்கார்ந்து பேசினாரே, வீட்டுக்குத்தானே அழைத்து வந்தோம்” என்று பின்னர் வருந்துவதில் பயனில்லை. தலையில் பலத்த அடிபட்டவர் தெளிவாகப் பேசினாலும் மருத்துவரிடம் காட்டப்பட வேண்டும்.

மயக்கத்தின் ஆழத்தை அளக்க உலகெங்கும் ஓர் அளவுகோல் வழங்குகிறது. 1974ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் டீஸ்டேல், ஜென்னட் என்னும் இரு மருத்துவர்கள் வகுத்தது அது. கண் திறத்தலுக்கு 4, பேச்சுக்கு 5, உடல் அசைவுக்கு 6 என மொத்தம் 15 மதிப்பெண். முழுத் தெளிவுடையவர்க்கு 15. யாதொரு அசைவுமற்றவர்க்கு 3. எட்டும் அதற்குக் கீழும் கடுங்காயம் எனப்படும். மருத்துவமனைச் சீட்டில் இவ்வெண் காணப்பட்டால் அச்சீட்டைப் பத்திரப்படுத்துக. பிற்காலத்தில் சான்றிதழுக்கோ இழப்பீட்டுக்கோ விண்ணப்பிக்கும்பொழுது காயத்தின் கடுமைக்கு அதுவே சாட்சியாகும்.

2. கண்ணுக்குத் தெரியாத குறை

கை ஒடிந்தால் கட்டுத் தெரிகிறது. கால் இழந்தால் ஊன்றுகோல் தெரிகிறது. மூளைக் காயத்தின் குறையோ பெரும்பாலும் வெளியே தெரிவதில்லை. மறதி, கவனக்குறைவு, விரைவில் சோர்தல், பேசும்போது சொல் கிட்டாமை, முன்கோபம், வேலையைத் தானாகத் தொடங்கும் ஊக்கமின்மை, சில சமயம் வலிப்பு ஆகியவை மாதக்கணக்கில், சிலர்க்கு வாழ்நாள் முழுவதும் தொடர்கின்றன.

பரமக்குடியிலும் எமனேசுவரத்திலும் உள்ள நெசவாளர் ஒருவர்க்கு இது நேர்ந்தால் என்னாகும்? கை நாடாவை இழுக்கும். கால் மிதியை மிதிக்கும். ஆனால் கரையில் எத்தனை இழைக்குப் பின் நிறம் மாறவேண்டும் என்ற வரிசை மனத்தில் நில்லாது. சேலை முடிவதில்லை, முடிந்த சேலையும் தரப் பரிசோதனையில் தள்ளப்படுகிறது. பெரியபட்டினத்துத் தென்னந்தோப்பில் உழைப்பவர்க்கு நேர்ந்தால், எந்த மரத்துக்கு நீர் பாய்ச்சினோம், யாரிடம் எவ்வளவு முன்பணம் பெற்றோம் என்பன குழம்பிப் போகும். உழைக்கும் உடல் இருந்தும் உழைப்பு பலன் தருவதில்லை. இதனால் குடும்பத்தின் வருவாய் குன்றுகிறது. கவனிப்பின் சுமை பெரும்பாலும் மனைவியர் மீதும் தாய்மார் மீதும் விழுகிறது.

குணமாற்றத்தை நோய் என்று அறியாதவர், பேய் என்றும் பித்து என்றும் கருதிவிடுதலும் நம்மிடையே உள்ள வழக்கமே. மனநோயுற்றோரை நெடுந்தொலைவிலிருந்தும் அழைத்து வருகின்ற ஏர்வாடி நமக்கு அண்மையிலுள்ள ஊர். அங்கே 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓடித் தப்ப முடியாமல் மாண்டனர். இறந்தோர் தொகை 28 ஆயிற்று. உச்ச நீதிமன்றம் அச்செய்தியைத் தானே முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. மனநோயுற்றோரை எவ்வகையிலும் சங்கிலியிடலாகாது என்பது 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் இடம்பெற்ற விதியாகும். தலைக்காயத்தின் பின் ஒருவர் நடத்தை மாறினால் அவரைக் கட்டி வைப்பதோ ஒதுக்கி வைப்பதோ தீர்வன்று. வழிபாட்டுத் தலத்துக்கு அழைத்துச் செல்வோரும் மருத்துவரிடம் காட்டுவதை ஒத்திப்போடலாகாது.

3. ஆலோசனைக் குழு எதற்கு?

நமது சங்கத்தில் நிர்வாகக் குழு முடிவு செய்கிறது, ஊழியர் நிறைவேற்றுகின்றனர், ஆண்டுப் பேரவையில் அங்கத்தினர் வினவுகின்றனர். அரசாங்கத்தின் பெரிய துறைகளிலோ முடிவு செய்பவர் ஓரிடத்திலும், அதன் பலனை அனுபவிப்பவர் வேறிடத்திலும் இருக்கின்றனர். இவ்விடைவெளியை நிரப்புவதற்காகவே ஆலோசனைக் குழு அமைக்கப்படுகிறது. அது கட்டளையிடாது; நிதியைச் செலவழிக்காது. குறையை எடுத்துக்காட்டி, வழி கூறி, மீண்டும் கூடும்போது “சொன்னது என்னவாயிற்று?” என்று வினவும். அதன் வலிமை இவ்வினாவிலேயே இருக்கிறது.

மூளைக் காயத்துக்கென்றே தனி ஆலோசனைக் குழு அமைக்கும் முறை அமெரிக்க ஐக்கிய நாட்டில் வளர்ந்தது. அந்நாட்டில் 1990ஆம் ஆண்டு மூளைக் காயம் பள்ளிக் கல்விச் சட்டத்தில் தனி ஊனமாகப் பெயர் குறிக்கப்பட்டது. 1996இல் மூளைக் காயச் சட்டம் என்று ஒரு தனிச் சட்டமே இயற்றப்பட்டது. அதன்கீழ் உதவித்தொகை பெற விரும்பும் மாநிலம் ஆலோசனைக் குழு ஒன்றை அமைத்தாக வேண்டும். மருத்துவரும் அதிகாரிகளும் மட்டுமன்றி, காயமுற்று மீண்டவர்களும் அவர்தம் குடும்பத்தாரும் அக்குழுக்களில் அமர்கின்றனர். இருபது நாள் மருத்துவமனை வாழ்வை மருத்துவர் அறிவார். அதற்குப் பின் வரும் இருபது ஆண்டுகளைக் குடும்பத்தாரே அறிவர். தடுப்பும், சிகிச்சையும், பின்வாழ்வும் ஒரே மேசையில் பேசப்படுதலே இம்முறையின் சிறப்பு.

4. நம் நாட்டில் உள்ள குழுக்கள்

நம் நாட்டில் இப்பணி மூன்று மேசைகளில் பிரிந்து கிடக்கிறது.

முதலாவது தடுப்பு. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 215ஆம் பிரிவு, தேசியச் சாலைப் பாதுகாப்புக் கவுன்சில், மாநிலக் கவுன்சில், மாவட்டக் குழு என மூன்று படிகளை வகுக்கிறது. இவை ஏட்டளவில் நின்றுவிடாதிருக்கத் தமிழ்நாட்டு மருத்துவர் ஒருவரின் முயற்சி துணைசெய்தது. கோயம்புத்தூரின் எலும்பு முறிவு அறுவை மருத்துவர் எஸ். இராஜசேகரன், சாலை விபத்துகளால் நேரும் உயிர்ச்சேதத்தைக் கண்டு 2012இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல மனு தொடுத்தார். அவ்வழக்கில் 2014 ஏப்ரலில் நீதியரசர் கே. எஸ். இராதாகிருஷ்ணன் தலைமையில் குழு ஒன்று நியமிக்கப்பட்டது. 2017 நவம்பர் 30ஆம் நாள் நீதிமன்றம் பல கட்டளைகளைப் பிறப்பித்தது. மாவட்டந்தோறும் சாலைப் பாதுகாப்புக் குழு அமைத்தல், மாவட்டந்தோறும் விபத்துச் சிகிச்சை மையம் ஒன்றேனும் நிறுவுதல் என்பன அவற்றுட்சில. மாவட்டக் குழுவுக்கு ஆட்சியரே தலைவர்.

இரண்டாவது சிகிச்சை. தென்னாட்டில் மூளை அறுவை மருத்துவம் வேரூன்றியது சுதந்திரத்திற்குப் பின்னரே. 1949இல் வேலூரில் ஜேக்கப் சாண்டியும், 1950இல் சென்னைப் பொது மருத்துவமனையில் பி. இராமமூர்த்தியும் அதனைத் தொடங்கினர். இன்று 2008 முதல் இயங்கும் 108 ஊர்தி நம் கிராமத்துக்கும் வருகிறது. இராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் தொடங்கப்பட்டது. 2021 டிசம்பர் 18ஆம் நாள் மேல்மருவத்தூரில் தொடங்கப்பெற்ற “இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48” என்னும் திட்டத்தின்படி, தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்துற்றவர் எவராயினும், முதல் 48 மணி நேரச் சிகிச்சை அத்திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் கட்டணமின்றி அளிக்கப்படுகிறது. மத்திய அரசும் 2025 மே மாதத்தில் ஒரு திட்டத்தை அறிவித்தது. அதன்படி விபத்து நாள் முதல் ஏழு நாள் வரை 1,50,000 ரூபாய் அளவுக்குக் கட்டணமில்லாச் சிகிச்சை உண்டு.

மூன்றாவது பின்வாழ்வு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், மாநிலந்தோறும் ஆலோசனை வாரியம் அமைக்கவேண்டும் என்றும், துறை அமைச்சர் அதன் தலைவராக இருக்கவேண்டும் என்றும், மாற்றுத்திறனாளிகள் அதில் இடம்பெற வேண்டும் என்றும், ஆறு மாதத்துக்கு ஒருமுறையேனும் அது கூடவேண்டும் என்றும் விதிக்கிறது. மாவட்ட அளவிலும் குழு அமைக்க அச்சட்டம் வழி செய்கிறது.

5. மேசைகளுக்கு இடையே விழுந்தவை

மூன்று மேசைகளும் தத்தம் பணியைச் செய்கின்றன. எனினும் அவற்றினிடையே சில விழுந்துவிடுகின்றன.

முதலாவது, மரத்திலிருந்து வீழ்தல். இராமநாதபுரம் மாவட்டம் பனைக்குப் பேர்போனது. பதநீர்ப் பருவத்தில் பனையேறி ஒருவர் எழுபது, எண்பது அடி உயர மரங்களில் நாள்தோறும் காலையும் மாலையும் ஏறி இறங்குகிறார். தளைநாரும் தன் கைவலியுமே அவருக்குக் காப்பு. தென்னை ஏறுவோர் நிலையும் இதுவே. அவர் வீழ்ந்தால் அது சாலை விபத்தன்று. ஆகவே சாலைப் பாதுகாப்புக் குழுவின் கணக்கில் ஏறாது. 48 மணி நேரத் திட்டத்திலும் அடங்காது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் அதுவே துணை. காயம் ஒன்றே, மூளை ஒன்றே, விழுந்த இடம் மட்டுமே வேறு.

இரண்டாவது, காப்பீட்டின் சொற்கள். வங்கிக் கணக்குடைய 18 முதல் 70 வயது வரையுள்ளோர் ஆண்டுக்கு 20 ரூபாய் செலுத்திச் சேரும் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா 2015 முதல் நடைபெறுகிறது. விபத்தில் இறந்தால் 2 இலட்சம் ரூபாய் கிடைக்கும். முழு ஊனத்துக்கும் அவ்வாறே. ஆனால் அதன் விதியில் முழு ஊனம் என்பது இரு கண் இழத்தல், இரு கை அல்லது இரு கால் பயனிழத்தல், ஒரு கண்ணும் ஒரு கை அல்லது காலும் இழத்தல் என்றே வரையறுக்கப்பட்டுள்ளது. நினைவிழந்தவரும் அறிவு குன்றியவரும், கைகால் இயங்கும் வரை, அவ்வரையறைக்குள் வருவதில்லை. இத்திட்டத்தில் அனைவரும் சேரவேண்டும் என்பதில் ஐயமில்லை. அதன் எல்லையையும் அறிந்தே சேரவேண்டும்.

மூன்றாவது, சான்றிதழ். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணையில் 21 வகை ஊனங்கள் குறிக்கப்பட்டுள்ளன. மூளைக் காயம் என்ற பெயர் அவற்றுள் இல்லை. காயமுற்றவர் இயக்கக் குறைபாடு, பேச்சு மொழிக் குறைபாடு, மனநோய் முதலிய தலைப்புகளில் ஏதேனும் ஒன்றின்கீழ்த்தான் 40 விழுக்காடு நிறுவியாக வேண்டும். கால் விந்தினால் நிறுவுதல் எளிது. மறதியையும் ஊக்கமின்மையையும் நிறுவுதல் அரிது. பெயர் குறிக்கப்படாததால் இவர்களின் தொகையும் தனியே தெரிவதில்லை. தொகை தெரியாததால் இவர்களுக்கென்று திட்டமும் எழுவதில்லை.

6. எண்ணிக்கையே முதற்படி

தமிழில் எண்ணுதல் என்னும் சொல் கணக்கிடுதலையும் சிந்தித்தலையும் ஒருங்கே குறிக்கும். எண்ணப்படாதவரைப் பற்றி எவரும் எண்ணுவதில்லை என்பது நம் பேரேடுகளும் காட்டும் உண்மை.

இதற்கு உலக வரலாற்றிலிருந்து ஒரு சான்று தரலாம். 1935இல் “அரேபியாவின் லாரன்ஸ்” எனப் புகழ்பெற்ற ஆங்கிலேயர் மோட்டார் சைக்கிள் விபத்தில் தலைக்காயமுற்று இறந்தார். அவரைப் பார்த்த மருத்துவர்களுள் ஒருவர் ஹியூ கெய்ர்ன்ஸ் என்னும் மூளை அறுவை மருத்துவர். பின்னர் உலகப் போர்க்காலத்தில் அவர் மோட்டார் சைக்கிள் ஓட்டிகளின் தலைக்காயங்களை ஒவ்வொன்றாகக் குறித்து, தலைக்கவசம் அணிந்தோர், அணியாதோர் என்று பிரித்து ஆராய்ந்து 1941இல் வெளியிட்டார். அவ்வாண்டு நவம்பரிலேயே ஆங்கிலப் படையின் ஓட்டிகளுக்குத் தலைக்கவசம் கட்டாயமாயிற்று. பொதுமக்களுக்கான சட்டம் அந்நாட்டில் 1973இல்தான் வந்தது. குறிப்பேட்டிலிருந்து கட்டளையும், கட்டளையிலிருந்து சட்டமும் பிறக்க முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. ஆயினும் குறிப்பேடு இல்லாதிருந்தால் இவை பிறந்திரா.

நம் நாட்டுக் கணக்கையும் காண்க. 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தனர். அவர்களுள் 50,029 பேர் தலைக்கவசம் அணியாத இருசக்கர வண்டியினர். அதில் 14,337 பேர் பின்னிருக்கையில் அமர்ந்து சென்றவர்கள். அவ்வாண்டு நாட்டிலேயே மிகுதியான விபத்துகள், அதாவது 64,105, தமிழ்நாட்டில் நிகழ்ந்தன, இறந்தோர் 17,884. தலைக்கவசம் தலைக்காயத்தை ஏறத்தாழ 69 விழுக்காடும், மரணத்தை ஏறத்தாழ 42 விழுக்காடும் குறைக்கிறது என்பது பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துக் கண்ட முடிவு. இறந்தோர்க்கு இவ்வளவு துல்லியமான கணக்கு இருக்கிறது. உயிர் தப்பி, மூளை பழுதுற்று வீட்டிலிருப்போர்க்கோ நம் ஊரளவில் ஒரு பட்டியலும் இல்லை. அதை உண்டாக்குவது நம்மால் இயலும்.

7. சங்கம் செய்யக்கூடியவை

(அ) பதிவேடு. சங்கத்தில் தலைக்காயக் குறிப்பேடு ஒன்று திறக்கப்படட்டும். அங்கத்தினர் குடும்பத்தில் விபத்து நேர்ந்த நாள், இடம், விதம் (சாலை, பனை, தென்னை, பிற), தலைக்கவசம் அல்லது இடுப்புக் கச்சை இருந்ததா, மருத்துவமனை சேர எத்தனை மணி நேரம் ஆயிற்று, ஆறு மாதத்துக்குப் பின் நிலை, சான்றிதழ் கிடைத்ததா என ஏழு பத்திகள் போதும். குடும்பத்தார் இசைவின்றி எதுவும் எழுதலாகாது. வெளியே அனுப்பும்போது தொகை மட்டுமே செல்லவேண்டும், பெயர் செல்லலாகாது.

(ஆ) தீர்மானம். ஆண்டுப் பேரவையில் கீழ்க்கண்டவாறு ஒரு தீர்மானம் நிறைவேற்றலாம்: “நமது சங்கப் பகுதியில் சாலை விபத்தாலும் மரத்திலிருந்து வீழ்தலாலும் நேர்ந்த தலைக்காயங்களின் தொகுப்பை ஆண்டுதோறும் மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர்க்கும் அனுப்புவதென்றும், மரமேறுவோர் வீழ்ச்சியையும் அவசரச் சிகிச்சைத் திட்டத்தில் சேர்க்குமாறும், மூளைக் காயமுற்றோர் ஒருவரையேனும் மாநில ஆலோசனை வாரியத்தில் அமர்த்துமாறும் அரசை வேண்டிக்கொள்வதென்றும் தீர்மானிக்கப்பட்டது.” ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைதோறும் நடக்கும் குறைதீர்க்கும் நாளில் இதன் நகலை நேரில் கொடுத்து ஒப்புகைச் சீட்டுப் பெறுக.

(இ) தடுப்பு. நூல் சிப்பத்தையும் சேலைக் கட்டையும் வண்டியின் முன்புறம் ஏற்றிச் செல்வோர், கைப்பிடி திரும்ப இடமின்றி ஏற்றலாகாது. பின்னால் ஒருபுறமாக அமரும் பெண்டிர் முந்தானையைச் செருகிக்கொள்ளவேண்டும். அவர்களுக்கும் தலைக்கவசம் வேண்டும். சட்டம் நான்கு வயதுக்கு மேற்பட்ட யாவர்க்கும் அதனை விதிக்கிறது. இந்தியத் தரமுத்திரையுள்ள கவசமே கவசம். தாடைப் பட்டை பூட்டாத கவசம் விபத்தின் கணத்தில் கழன்று ஓடிவிடும். சங்கம் மொத்தமாக வாங்கித் தவணையில் அளித்தால் விலை குறையும். மரமேறுவோர்க்கு இடுப்புக் கச்சையுடன் கூடிய ஏறு கருவி வாங்கிச் சங்கத்தில் வைக்கலாம். மழையில் நனைந்த மரத்தில் ஏறாமையும், தனியே தோப்புக்குச் செல்லாமையும் செலவில்லாக் காப்புகள்.

(ஈ) பதிவும் காப்பீடும். பனையேறுவோர் பனைமரத் தொழிலாளர் நலவாரியத்திலும், நெசவாளர் கைத்தறித் தொழிலாளர் நலவாரியத்திலும் பெயர் பதிந்துள்ளனரா என்று பாருங்கள். தென்னை ஏறுவோர்க்குத் தென்னை வளர்ச்சி வாரியத்தின் “கேர சுரக்ஷா” காப்பீடு உண்டு. விபத்துக்குப் பின் பதிவதால் பயனில்லை.

(உ) தவணை தவறியோர். வழக்கத்துக்கு மாறாகத் தவணை தவறியவரிடம் “தலையில் அடிபட்டதுண்டா?” என்ற வினாவையும் கேளுங்கள். உண்டெனில், மருத்துவச் சீட்டைப் பார்த்து, குடும்பத்தில் ஒருவரை உடன் வைத்துப் பேசி, விதிகள் இடந்தரும் அளவில் தவணையை மாற்றியமைக்க நிர்வாகக் குழு பரிந்துரைக்கலாம். நினைவூட்டை வாய்மொழியாகச் சொல்லாமல் எழுதிக் கொடுக்கவேண்டும். நெசவாளராயின் வரிசை குறைந்த எளிய ரகத்தைக் கொடுத்துப் பழக்குதல் நலம். உழைப்புக்குத் திரும்புதலே பலர்க்கு மருந்தாகும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய “மக்களைத் தேடி மருத்துவம்” திட்டத்தின் ஊழியர் வாயிலாக வீட்டிலேயே இயன்முறைப் பயிற்சி பெறவும் வழியுண்டு.

8. அடிபட்டவுடன் செய்யத்தக்கவை

கீழக்கரை, ஏர்வாடி வழியே தூத்துக்குடி செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலை நம் பகுதியின் நெடுஞ்சாலை. அதில் விபத்தைக் காண்போர் வழக்குக்கு அஞ்சி விலகிச் செல்லுதல் இனி வேண்டாம். உதவுவோர்க்குத் தொல்லை தரலாகாது என்னும் நெறிமுறைகளை உச்ச நீதிமன்றம் 2016 மார்ச் 30ஆம் நாள் உறுதிசெய்தது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 134ஏ பிரிவும் அதனையே கூறுகிறது. பெயரை வெளியிடவோ சாட்சி சொல்லவோ உதவியவரைக் கட்டாயப்படுத்த முடியாது.

உடனே 108ஐ அழையுங்கள். விழுந்தவரைப் பிடித்துத் தூக்கி உட்கார வைக்காதீர்கள், கழுத்தெலும்பும் முறிந்திருக்கலாம். தலையும் கழுத்தும் உடலும் ஒரே நேராக இருக்குமாறு பலர் சேர்ந்து தூக்கவேண்டும். தண்ணீரோ சோடாவோ புகட்டாதீர்கள். மயக்கத்திலிருப்பவர்க்கு அது மூச்சுக்குழலில் இறங்கும். இரத்தம் கசியும் இடத்தைத் தூய துணியால் அழுத்துங்கள். மண்டையோடு உள்வாங்கியிருந்தால் அழுத்தாதீர்கள். திரும்பத் திரும்ப வாந்தி, மிகுந்துவரும் தலைவலி, தூக்கமயக்கம், காதிலும் மூக்கிலும் தெளிந்த நீர் ஒழுகல், இரு கண்மணிகளும் அளவில் வேறுபடுதல், வலிப்பு, ஒருபுறக் கை கால் தளர்தல் ஆகியவற்றுள் ஒன்று கண்டாலும் தாமதியாமல் கொண்டு செல்லவேண்டும். நமக்கு மதுரைப் பெரிய மருத்துவமனை நூறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளது. ஆதலின் முதலில் இராமநாதபுரத்தில் காட்டி, அவர்கள் சொல்வதன்மேல் மதுரை செல்வதே முறை.

அங்கத்தினர்களே! ஆலோசனைக் குழுக்கள் தலைநகரில் கூடுகின்றன. பனையிலிருந்து வீழ்பவர் இங்கே வீழ்கிறார். இவ்விரண்டையும் இணைக்கும் காகிதம் சங்கத்தின் தீர்மானப் புத்தகத்திலிருந்து செல்ல இயலும். அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இப்பொருளைச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

படிப்பு வட்டத்துக்குரிய வினாக்கள்

1. கடந்த ஐந்து ஆண்டுகளில் நம் சங்கப் பகுதியில் தலைக்காயமுற்றோர் எத்தனை பேர்? அவர்களுள் சாலையில் விழுந்தவர் எத்தனை, மரத்திலிருந்து விழுந்தவர் எத்தனை?

2. சாலை விபத்துக்கு ஒரு திட்டமும், மர வீழ்ச்சிக்கு வேறொரு திட்டமும் இருத்தல் தகுமா? ஒன்றாக்குவதில் உள்ள நன்மை, தடை யாவை?

3. ஆலோசனைக் குழுவில் காயமுற்றவரோ அவர் குடும்பத்தாரோ அமர்ந்தால், மருத்துவர் சொல்லாத எதனை அவர் எடுத்துச் சொல்லக்கூடும்?

4. தவணை தவறியோர் பட்டியலில் “செலுத்த மனமில்லாதவர்” என்று எழுதுமுன் நிர்வாகக் குழு எவ்வெவற்றை விசாரிக்க வேண்டும்?